மாலை 5.40க்கு ஒரே ஒரு அழைப்பு

ஜூன் 5, திங்கள்

இன்றோடு எண்பத்து மூன்று நாள். மார்ச் 14 காலை ஒன்பது இருபதுக்கு, நெல்லை வண்ணாரப்பேட்டை நிறுத்தத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் படிக்கட்டிலேயே சரிந்தார். இவர், அதாவது என் கணவர் ஆறுமுகநயினார், வயது 59. தனியார் டவுண் பஸ்ஸில் முப்பத்தொரு வருடக் கண்டக்டர். கால் திரும்ப வந்துவிட்டது. வலது கை பாதி திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் வருகிறது: "உள்ள போங்க." பசித்தாலும் அதுதான், சட்டை பிடிக்கவில்லை என்றாலும் அதுதான். முப்பத்தொரு வருடம் படிக்கட்டில் தொங்கியவர்களைப் பார்த்துச் சொன்னது, மூளையில் மற்றதெல்லாம் அழிந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று நரம்பியல் டாக்டரிடம் போனோம். நான்கு நிமிடம் பார்த்தார். நான் கடிகாரம் பார்த்தேன், தொழில் பழக்கம். நோயின் பெயர் அஃபேசியா. பேச்சைக் கட்டும் இடத்தில் ரத்தம் நின்றுபோனதால் வந்தது. "நாம பேசறது இவருக்குப் புரியாதும்மா. டி.வி. போட்டு விடுங்க" என்றார், இவர் முன்னாலேயே. மாத்திரை உண்டா என்று கேட்டேன். "இதுக்கு மாத்திரை இல்ல. ஆராய்ச்சி நடக்குது. ஸ்பீச் தெரபி போய்ப் பாருங்க. வந்தா வரும்."

வந்தா வரும். அடிக்கடி நின்றுபோகும் பழைய பஸ்ஸைப் பற்றிக்கூட இவர் எந்தப் பயணியிடமும் அப்படிச் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏற மறுத்தார். என்ன சொல்லியும் அசையவில்லை. என் கையைப் பார்த்தார், டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார். குடையை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒன்றும் புரியாதவர்தான் அதைக் கவனித்தார்.

முப்பத்து நான்கு வருடமாக நிருபராக ஊரார் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நடப்பதை எழுத இன்றுதான் உட்கார்ந்தேன். இவ்வளவு கோபத்தை வைக்க வேறு இடமில்லை.

ஜூன் 6, செவ்வாய்

எதிர்வீட்டு பேங்க் அண்ணாச்சி இவர் காதருகே வந்து "சாப்ட்டாச்சா நயினாரு" என்று கத்தினார். இவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. "உள்ள போங்க" என்றார். அண்ணாச்சி கோபித்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

ஜூன் 8, வியாழன்

பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. பின்கட்டில், துணி வெளுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. பேச்சுப் பயிற்சி டாக்டரின் பெயர் ஹெப்சிபா. நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்துவதே இல்லை.

படிவத்தில் என் பெயரையும் வேலையையும் எழுதிக் கொடுத்தேன். வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"பேப்பர்ல எழுதற கோமதி மேடமா?"

"ஆமா."

"சரி" என்று படிவத்தைக் கோப்புக்குள் வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுவரில் ஏழு கிழமைகளும் எழுதிய பெரிய அட்டை தொங்கியது. நான் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்.

கைபேசியை அணைத்து இழுப்பறைக்குள் போட்டார். "பயிற்சி நேரத்துல எனக்குப் போன் கிடையாது. ஒரு மணி அடிச்சா அவங்க கோத்துட்டு வர்றது மொத்தமும் அறுந்துரும்." அது ஏன் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்று, இரண்டு என்று அவர் தொடங்கிக் கொடுக்க, இவர் இருபது வரை எண்ணினார். எண்பத்தாறு நாளில் முதல் முறை. பிறகு, "அண்ணாச்சி, நம்ம பஸ்ஸு டவுண்ல இருந்து கெளம்பிட்டு. டவுண்…" என்று நிறுத்தினார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டவுண், ஆர்ச், ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், சமாதானபுரம்." அதே குரல், அதே இழுப்பு. கடைசியில் விரலால் மேசையை இரண்டு தட்டு தட்டினார். அது விசில்.

நான் அறையை விட்டு வெளியே போய் நின்றேன். துணி காய்ந்துகொண்டிருந்தது. பதினான்கு படுக்கை விரிப்புகள்.

ஜூன் 15, வியாழன்

ஹெப்சிபா தன் முறையை விளக்கினார். புரிந்த வரை எழுதுகிறேன். நினைத்துப் பேசும் சொல்லுக்கு மூளையில் ஒரு பாதை, பழக்கத்தில் தானாக வரும் தொடருக்கு வேறு பாதை. முதல் பாதை அறுந்தவருக்கும் இரண்டாவது இருக்கும். கிழமைகள், எண்கள், ஜெபம், தொழிலில் தினம் சொன்னவை. அந்தத் தொடரில் ஏற்றிவிட்டு, நடுவில் நிறுத்தி, வேண்டிய சொல்லில் இறக்கப் பழக்குவது. தையல்காரருக்கு அளவெடுக்கும் வரிசை, தபால்காரருக்குத் தெருப் பெயர்கள். இப்படி ஒவ்வொருவருக்கும் அவரவர் பிழைப்பிலிருந்து ஒரு தொடர்.

"இது பலன் தருதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. முதல் கட்டத்துல இருபத்திரண்டு பேர். பதிமூணு பேருக்கு நல்ல மாற்றம். ரெண்டாவது கட்டத்துல நூத்திருபது பேரை வெச்சு, மற்ற பயிற்சியோட ஒப்பிட்டுப் பாக்கணும். அப்பதான் இது மருந்தா, என் ஆசையான்னு தெரியும்."

"செய்யலையா?"

"நிதி நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"மாநில மறுவாழ்வு ஆராய்ச்சி வாரியம்." கோப்பை மூடினார். "இந்த அறையும் செப்டம்பர் முப்பது வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஸ்கேன் பில் போடற கவுண்டர் வருது."

விசாரித்தேன். சுற்று வட்டாரத்தில் தமிழில் இதைச் செய்ய வேறு ஆள் அகப்படவில்லை. இவருக்குக் கையில் இருப்பது மூன்றரை மாதம்.

"நான் இதை எழுதறேன்" என்றேன்.

"வேண்டாம் மேடம்" என்றார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை.

ஜூன் 20, செவ்வாய்

வாரியத்தின் துணைச் செயலரைப் போனில் பிடித்தேன். சக்கர நாற்காலிக்கும் செயற்கைக் காலுக்கும் நிதி இருக்கிறதாம். "அதெல்லாம் போட்டோ எடுக்கலாம் மேடம். பேச்சை எப்படிப் போட்டோ எடுக்கறது?" என்று சிரித்தார். ஆராய்ச்சியை நிறுத்தியது ஏன் என்று கேட்டேன். "அது பேப்பர்ல வந்து நாறிப்போன கேஸு. உங்க ஆளுங்கதான். நீங்களே தேடிப் பாருங்க."

பேசாதவர்கள் ஊர்வலம் போக மாட்டார்கள், மனு கொடுக்க மாட்டார்கள், டி.வி.யில் உட்கார்ந்து வாதாட மாட்டார்கள். அவர்களிடமிருந்து பிடுங்குவதைப் போல் சுலபம் ஒன்றுமில்லை. அயோக்கியத்தனம்.

ஜூன் 21, புதன்

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். கோப்பு முழுவதும், குறிப்புகளுடன், இணைப்புகளுடன். பதிவுத் தபால்.

ஜூலை 9, ஞாயிறு

காஸ் சிலிண்டர்காரர் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் "உள்ள போங்க" என்றிருக்கிறார். அவர் உள்ளே போய், சமையல்கட்டில் பழையதைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வழக்கமாக வாசலிலேயே உருட்டிவிட்டுப் போகும் ஆள். இன்று இருவரும் சேர்ந்து சிரித்தோம். இவர் சிரிப்பில் பழுது எதுவும் இல்லை.

இப்போது தொடரில் நடுவில் இறங்குகிறார். "டவுண், ஆர்ச், ஜங்ஷன்… காபி." காபி வேண்டுமென்றால் ஜங்ஷனில் இறங்க வேண்டும் என்று ஹெப்சிபா பழக்கியிருக்கிறார். ஜங்ஷன் கடையில்தான் இவர் இருபது வருடம் காபி குடித்தார். இதுவரை ஆறு சொற்கள்.

ஜூலை 26, புதன்

வாரியத்தின் பதில் வந்தது. சட்டப்படி முப்பது நாள், எடுத்துக்கொண்டது முப்பத்தைந்து. நாற்பத்தொரு பக்கம். பதினான்காம் பக்கத்தில் ஆராய்ச்சியை நிறுத்தும் உத்தரவு. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: "பொதுமக்களிடையே எழுந்துள்ள விமர்சனத்தைக் கருத்தில் கொண்டு (பார்க்க: இணைப்பு 3)."

இணைப்பு 3 ஒரு நாளிதழ்ச் செய்தியின் நகல்.

ஜூலை 27, வியாழன்

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. பயிற்சிக்கு இவரை ஆட்டோவில் தனியாக அனுப்பினேன். எனக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன். யாரிடம் எதைச் சொல்லச் சொல்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

ஜூலை 30, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

இணைப்பு 3 என் செய்தி. 2021 நவம்பர் 17, மூன்றாம் பக்கம், மூன்று பத்தி அகலம். தலைப்பு: "'ஞாயிறு, திங்கள்' சொல்லித்தர ரூ.46 லட்சம்!" வாரியத்தின் உள்தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தி கிடைத்தது, பயிற்சிப் பொருள்களின் பட்டியலில் "வார நாட்கள் அட்டை" என்று இருந்தது. அதை எடுத்து ஊதினேன். மிச்சப் பக்கங்களைப் புரட்டவில்லை. பெரியவர்களுக்குக் கிழமை சொல்லிக்கொடுக்க மக்கள் வரிப்பணமா என்று ஒரு கேள்வி வைத்தேன். பெயர் போட்டு வந்தது. அன்று எல்லாரும் பாராட்டினார்கள்.

கடைசி வரி: "இது குறித்து ஆய்வாளர் டாக்டர் ஹெப்சிபாவிடம் கருத்துக் கேட்க முயன்றும் அவரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை."

பழைய குறிப்பு நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பரணிலிருந்து எடுத்தேன். நவம்பர் 16, என் கையெழுத்து: "5.40 ஹெப்சிபா. எடுக்கவில்லை." ஒரு முறை. அதற்குக் கீழே அடுத்த செய்தியின் குறிப்பு. எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். செய்தியை எழுதி முடித்துவிட்டு, பக்கம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு மணி அடிக்க விடுவது. எடுத்துவிட்டால் தொல்லை, எழுதியதை மாற்ற வேண்டும். எடுக்கவில்லை என்றால் ஒரு வரி தயாராக இருக்கிறது.

அந்த அறைக்குள் ஜூன் 8 அன்று காலெடுத்து வைத்து, அட்டையைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு நாள் இந்த நோட்டில் வேறு ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

பயிற்சி முடிந்தபின் இவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். இணைப்பு 3-ஐ மேசையில் வைத்தேன். ஹெப்சிபா அதைத் தொடவில்லை.

"என்கிட்ட இதோட மூணு காப்பி இருக்கு" என்றார்.

"மொதல் நாளே தெரியும், இல்லையா?"

"படிவத்துல பேரு பாத்ததுமே."

"அப்புறம் ஏன் இவரைச் சேத்துக்கிட்டீங்க?"

"நோயாளி அவரு. நீங்க இல்ல."

எழுந்து ஒரு பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார். 2021 நவம்பர் 16. மாலை 5.15 முதல் 5.55 வரை, ஒரு தையல்காரர், எட்டாவது பயிற்சி. "நீங்க கூப்பிட்டப்ப போன் அந்த இழுப்பறையில கெடந்தது. ஆறு பத்துக்கு நான் திரும்பக் கூப்பிட்டேன்."

"தெரியும்."

"எடுக்கலை."

"இல்ல."

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

அது எனக்கு மறந்துபோயிருந்தது. அல்லது மறந்ததாக வைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் அவர் கோபம் வெளியே வந்தது. அப்போதும் குரல் உயரவில்லை. "ரெண்டாவது கட்டத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேரு சேந்திருந்தாங்க. எல்லாருக்கும் நான்தான் போன் போட்டேன், நின்னுபோச்சு, இனி வரவேண்டாம்னு. சில வீட்ல அவங்களே எடுத்தாங்க. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்கும். திட்டக்கூட வராது. ஏன்னு கேக்க வராது. ஒருத்தங்க, முப்பத்தாறு வயசு, தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க, ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணினாங்க மேடம். அவங்களுக்கு வந்தது அது ஒன்னுதான். இருபது வரைக்கும் எண்ணிட்டு வெச்சுட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேன்.

"அதை வெச்சு நான் என்ன செய்ய?" என்றார். "கோப்புல உங்க செய்தி இருக்கு. அதுக்கு மேல ஒரு காகிதம் வரணும். அது உங்க பேப்பர்ல இருந்து வரணும். செப்டம்பர் இருபத்தொண்ணாம் தேதி வாரியம் கூடுது."

வெளியே வந்தபோது இவர் பெஞ்சில் இல்லை. தண்ணீர்க் குழாயை யாரோ சரியாக மூடவில்லை; மூடிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எங்கள் பதிப்பின் தலைமை இசக்கியப்பன். என்னிடம் தொழில் கற்றவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். நூற்று நாற்பது சொல்லில் மறுப்பு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் பக்கம், மூன்று பத்தி அகலம், என் பெயர் போட்டு.

"யக்கா, ரெண்டு வருசம் ஆகப்போற செய்திக்கு எவனாவது மறுப்பு போடுவானா? அவங்க வழக்குப் போட்டாங்களா? கடுதாசி போட்டாங்களா?"

"பொய்யி போட்டிருக்கோம்ல."

"எது பொய்யி? அட்டை இருந்துச்சா, இல்லையா? தொகை சரியா, இல்லையா? போன் அடிச்சீங்களா, இல்லையா? ஒவ்வொரு வரியும் சரி."

ஒவ்வொரு வரியும் சரி. இதை இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, தணிந்த குரலில் சொன்னான். "நீங்க செப்டம்பர் முப்பதுல ரிடையர் ஆகுறீய. எதுக்கு இப்ப பேரைக் கெடுத்துக்கிட்டு? அத்தானைப் பத்தி எழுதுங்க. பேச்சை இழந்த கண்டக்டரு, பஸ் நிறுத்தம் சொல்லிச் சொல்லிப் பேச வர்றாரு, நிதி இல்லாம அறை மூடப்போகுது. ஞாயித்துக்கிழமை அரைப் பக்கம். விசிலோட போட்டோ. வாரியம் மறுநாளே கையெழுத்துப் போடும்."

போடும். அதுதான் கொடுமை. அப்படி எழுதினால் இவரும் பிழைப்பார், நானும் பிழைப்பேன். இணைப்பு 3 யார் எழுதியது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அரைப் பக்கத்துக்கு முதல் நான்கு வரி எழுதினேன். நன்றாக வந்திருந்தது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. காலைச் சாப்பாட்டுக்குப் பின் இவரை எதிரில் உட்காரவைத்து இரண்டையும் வாசித்துக் காட்டினேன். முதலில் அந்த நான்கு வரி. பிறகு இணைப்பு 3, முழுவதும்.

என் செய்தி எல்லாவற்றையும் இவர் முதல் வண்டியிலேயே வாசித்துவிடுவார். டிரைவருக்கும் வாசித்துக் காட்டுவார். இதையும் அன்று வாசித்திருப்பார். இப்போது கேட்கும்போது முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசி வரி வந்ததும் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"உள்ள… உள்ள…" தலையை ஆட்டினார். எழுந்தார். பீன்ஸ் நறுக்கும் பலகையைச் சமையல்கட்டிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தார். பிறகு என் கைபேசியை எடுத்து என் பக்கமாகத் தள்ளிவைத்து, அதையே பார்த்தார்.

நான்தான் எல்லாவற்றையும் எழுதுகிறவள் என்று நினைத்திருந்தேன். அந்த 2021 நவம்பர் 16 செவ்வாய்க்கிழமை இவருக்கு ஓய்வு நாள். நான் வீட்டில் இருந்தபடி செய்தி அனுப்பினேன். இதே மேசை. ஆறு மணிக்குச் செய்தி போய்விட்டது. ஆறு பத்துக்கு மணி அடித்தது. இவர் இதே பலகையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"போன் அடிக்குல்லா, எடேன்" என்றார் அன்று.

"தெரியும்" என்றேன். மறுபடியும் அடித்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

இன்று இவர் கைபேசியை எடுத்து, கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தி வைத்தார். அப்படியே மூன்று முறை. புரியாதவர்.

நான்கு வரியையும் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

மறுப்பு வந்தது. எட்டாம் பக்கம், டெண்டர் விளம்பரங்களுக்குக் கீழே. நான் எழுதியது நூற்று நாற்பது சொல். வந்தது இது: "17.11.2021 இதழில் வெளியான செய்தி ஒன்றில் சம்பந்தப்பட்டவரின் கருத்து இடம்பெறவில்லை. வருந்துகிறோம்." எந்தச் செய்தி, யார், எதைப் பற்றி, ஒன்றுமில்லை.

இசக்கியப்பனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

முழு நூற்று நாற்பது சொல்லையும் வெள்ளைத் தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, குறிப்பு நோட்டின் பக்கத்தையும் ஹெப்சிபாவின் பதிவேட்டுப் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்து, வாரிய உறுப்பினர் ஐந்து பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். கூட்டத்தில் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

மாவு அரைக்க மறந்துவிட்டது. இவருக்கு உப்புமா. "உள்ள போங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டார். இது சரியான இடத்தில் சொன்னது.

செப்டம்பர் 21, வியாழன்

சென்னை. நெல்லை எக்ஸ்பிரஸில் ஹெப்சிபாவும் நானும் ஒரே பெட்டியில்தான் வந்தோம். திண்டுக்கல் வரை அவர் கோப்பையே புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு இட்லிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். இவரை வீட்டில் பேங்க் அண்ணாச்சி பார்த்துக்கொள்கிறார், கத்திக்கொண்டு.

எங்களுடையது பொருள் எண் 11. எண் 10 லிப்ட் பழுது. அதற்கு இருபத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள்.

ஹெப்சிபா ஆறு நிமிடம் பேசினார். எனக்கு மூன்று நிமிடம். சொன்னேன்: "ஒரு தடவை கூப்பிட்டேன். அவங்க திரும்ப ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. எடுக்கலை. தொடர்பு கொள்ள முடியவில்லைன்னு எழுதினேன். அந்த அட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல."

ஓர் உறுப்பினர் சிரித்தார். "இது ஒரு விஷயமா மேடம்? பேப்பர்னா அப்படித்தான்."

தலைவர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். "செய்தியால மட்டும் நாங்க நிறுத்தலைம்மா. பல காரணங்கள் இருக்கும்."

பதினான்காம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "காரணம்னு ஒரே வரிதான் இருக்கு சார். அந்த வரி நான்."

அவர் அந்த வரியை வாசித்தார். பதினொரு நொடி. பிறகு தீர்மானத்தை வாசித்தார்கள்: பழைய உத்தரவு மறுபரிசீலனைக்குரியது எனப் பதிவு செய்யப்படுகிறது, புதிய விண்ணப்பம் வந்தால், ஆய்வாளருக்கு நேரில் விளக்கத் தேதி ஒதுக்கப்படும். தேதி எப்போது? உறுப்பினர் செயலர் போனில் தெரிவிப்பார். எப்போது தெரிவிப்பார்? "கூப்பிடுவோம்மா."

ஒரு செய்திக்குப் பயந்து ஒரே வாரத்தில் நிறுத்தியவர்களுக்கு, திரும்பத் தொடங்க மட்டும் காலம் கணக்கே இல்லாமல் வேண்டியிருக்கிறது.

படிக்கட்டில் இறங்கும்போது ஹெப்சிபா சொன்னார். "மறுபரிசீலனைன்னு எழுத வெச்சுட்டோம்ல. அது போதும், விண்ணப்பம் போடறதுக்கு." லிப்ட் வேலை செய்யவில்லை.

செப்டம்பர் 30, சனி

மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் எனக்கு வழியனுப்பு விழா. சால்வை வாங்கிவைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். போகவில்லை. நாலே முக்காலுக்கு ஹெப்சிபாவின் அறையில் கடைசிப் பயிற்சி.

மேசை நாற்காலிகள் ஏற்கெனவே வெளியே போய்விட்டன. மூவரும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தோம். சுவரில் அட்டை மட்டும் மிச்சம். ஹெப்சிபா அதைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கிழமை?"

இவர் யோசித்தார். கண்ணை மூடினார்.

"ஞாயிறு. திங்கள். செவ்வாய்." ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார். "புதன். வியாழன்." மூச்சு வாங்கினார். "வெள்ளி." நின்றார். "சனி."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சனி" என்றார் மறுபடியும். தொடர் இல்லாமல், தனியாக, ஒரு சொல்.

பத்தொன்பது நொடி. இருநூறு நாளில், கேட்ட கேள்விக்கு இவர் அறிந்து சொன்ன முதல் பதில். அந்த அட்டை எதற்கு என்று அன்று நான் கேட்டிருந்தால், இதைச் சொல்லியிருப்பார் ஹெப்சிபா.

அட்டையை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தோம். அடுத்த வாரம் முதல் பயிற்சி எங்கள் முன்னறையில். விண்ணப்பம் போன தபால் ரசீதும் முன்னறையில்தான் இருக்கிறது.

அக்டோபர் 9, திங்கள்

ஒன்பதரைக்கு ஹெப்சிபா வந்தார். கூடவே பதிவேட்டில் இருந்த தையல்காரரும், போனில் இருபது வரை எண்ணிய தபால் அலுவலகப் பெண்மணியும். அவர்களுக்கும் இவருக்கும் பயிற்சி முடிந்ததும், இழுப்பறையிலிருந்து என் கைபேசியை எடுத்தேன். விண்ணப்பம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. செயலர் கூப்பிடவில்லை.

10.35. எடுக்கவில்லை.

10.50. எடுக்கவில்லை.

11.05. "வாடிக்கையாளர் வேறு அழைப்பில் இருக்கிறார்."

11.20. எடுக்கவில்லை. மணி அடிப்பது அறை முழுவதும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். தபால் அலுவலகப் பெண்மணி விரல் விட்டு எண்ணினார். இவருக்குப் பொறுமை போய்விட்டது. என்னைப் பார்த்துக் கையை முன்னால் வீசி, "உள்ள போங்க" என்றார்.

"போறேன்" என்றேன்.

11.35. எடுக்கவில்லை.

11.50. எடுத்தார். "மேடம், மீட்டிங்ல இருந்தேன், அப்புறமாக் கூப்பிடறேன்" என்றார்.

"வேண்டாம் சார். நான் காத்திருக்கேன். இந்த லைன்லயே."

பதினெட்டு நிமிடம் காத்திருந்தேன். இரண்டு முறை வைத்துவிடப் பார்த்தார்கள். 12.08க்கு அவர் திரும்ப வந்து, சலிப்போடு, "சரி, சொல்லுங்க, என்ன விளக்கணும்?" என்று கேட்டார்.

எனக்கு எல்லாம் தெரியும். நாற்பத்தொரு பக்கமும் மனப்பாடம். வாயைத் திறக்கவில்லை. கைபேசியை ஹெப்சிபாவின் கையில் கொடுத்துவிட்டு, நோட்டைத் திறந்து, அவர் சொல்வதை எழுத ஆரம்பித்தேன்.